பழைய ரெக்கார்டு: வாங்குமுன் கேட்க வேண்டியது, விற்குமுன் எழுத வேண்டியது

பழைய ரெக்கார்டு விற்பனைக்கு என்று ஒரு படம் போட்டால் முதலில் வரும் கேள்வி "என்ன விலை?" அது கடைசியாகக் கேட்க வேண்டியது. ஒரே எல்பி (பெரிய தட்டு), ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கலாம். அந்த வித்தியாசம் முழுக்கத் தட்டின் நிலைமையில் இருக்கிறது. ஆன்லைனில் தட்டைக் கையில் எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வழியில்லை. வாங்குகிறவர் கேட்கும் கேள்வியும் விற்கிறவர் எழுதும் நாலு வரியும்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

மும்பையில் தமிழ் ரெக்கார்டு கிடைக்குமிடம் பெரும்பாலும் மாதுங்கா, செம்பூர், சயான், முலுண்ட் வீடுகளின் பரண். பழைய கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது, சாமான் ஒழிக்கிறார்கள், பேரன் படம் எடுத்து ஓஎல்எக்ஸிலோ வாட்ஸ்ஆப் குழுவிலோ போடுகிறான். இந்த வீடுகளில் கர்நாடக சங்கீதம் அதிகம், சினிமா குறைவு. தட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். தட்டைப் போட்டு வைக்கும் அட்டைதான் மழைக்காலத்தில் அடிவாங்கியிருக்கும். பழைய பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் குவிந்து கிடப்பது இந்தியும் இங்கிலீஷும். நடுவே ஒரு தமிழ்த் தட்டு சிக்கினால் கடைக்காரருக்கு அது என்ன படம் என்றே தெரியாது, அட்டைப் படத்தைப் பார்த்து விலை சொல்வார். இது சில நாள் நமக்கு லாபம், சில நாள் அவருக்கு. சினிமா ஈபிக்கள் (சின்னத் தட்டுகள்) வேண்டுமென்றால் சென்னை, மதுரை, கோவை விற்பனையாளர்களை இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் பிடிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு விற்க இணையச் சந்தைகளான டிஸ்காக்ஸ், ஈபே.

பழசு என்றாலே விலை என்ற நினைப்பைத் தாண்டுவது பலருக்குச் சிரமமாக இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்பி 1963-ல் எச்எம்வியில் வந்தது. வீட்டுக்கு வீடு வாங்கினார்கள், கம்பெனியும் திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டே இருந்தது. அதனால் இன்றும் எங்கும் கிடைக்கிறது, விலை ஏறுவதில்லை. எண்பதுகளின் பின்பாதியில் வந்த இளையராஜா எல்பிக்களின் கதை வேறு. அதற்குள் கேசட் வந்துவிட்டது. ரெக்கார்டு அச்சடித்ததே குறைவு, வாங்கியவர்கள் அதைவிடக் குறைவு. சுப்ரபாதத்துக்கு இருபது வருஷத்துக்கும் மேல் பிந்தி வந்தும் பல மடங்கு விலைக்குப் போவது அதனால்தான். பாடகர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, எத்தனை அச்சாயிற்று, அதில் எத்தனை கீறலில்லாமல் தப்பியது என்பதே கணக்கு.

தட்டை அடையாளம் காண்பது

எச்எம்வி, கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல் என்று லேபிள் எதுவானாலும் இந்தியாவில் அவை ஒரே கிராமபோன் கம்பெனியின் வெவ்வேறு பெயர்கள். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. அதற்கு வெளியே பாலிடோர் (பிறகு மியூசிக் இந்தியா ஆனது), இன்ரெகோ, எக்கோ. இசிஎல்பி என்று தொடங்கும் எச்எம்வி எண் மோனோ, இசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ. அட்டையில் ஓர் எண், தட்டின் நடுவே ஒட்டிய லேபிளில் வேறோர் எண் இருந்தால் உள்ளே இருப்பது வேறு தட்டு. பரணிலிருந்து இறங்கும் மூட்டைகளில் இது சர்வ சாதாரணம். கடைசியாகக் கேட்டவர் எந்த அட்டை கையில் கிடைத்ததோ அதில் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

மூன்றாவது எண் தட்டிலேயே இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வழுவழுப்பான கறுப்பு வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், கீறியோ குத்தியோ பொறித்த எழுத்துகள் தெரியும். இதுதான் மேட்ரிக்ஸ் எண். விற்கிறவரிடம் இரண்டு பக்கத்துக்கும் இந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். இணையத்திலிருந்து சுட்ட படத்தை வைத்து ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவார்கள். தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

பிரிட்டனில் அச்சான இஎம்ஐ (எச்எம்வியின் தாய்க் கம்பெனி) தட்டு கையில் கிடைத்தால் ஒரு சுவாரஸ்யம் உண்டு. மேட்ரிக்ஸ் எண் கீழே ஆறு மணி இடத்தில் வருமாறு தட்டைப் பிடித்தால், மூன்று மணி இடத்தில் ஓரிரு ஆங்கில எழுத்துகள் இருக்கும். கிராமபோன் லிமிடெட் என்ற பெயரின் எழுத்துகளை ஒன்று முதல் பூஜ்யம் வரை எண்ணாக வைத்துக்கொண்ட சங்கேதம் அது. ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, டி என்று முடியும்போது 0. எண் சிறிதானால் அச்சு ஆரம்பத்தில் எடுத்தது. அதற்கென்றே கூடுதலாகக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மறுபதிப்பை ஒரிஜினல் என்று விற்பதும் நடக்கிறது. மும்பை ஸ்டுடியோ இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் சிந்தசைசரில் பத்து ராகங்களை வாசித்த எல்பி 1982-ல் எச்எம்வியில் வந்து, அப்போது யாரும் கண்டுகொள்ளாமல் போனது. 2010-ல் வெளிநாட்டில் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே தேடியது. இப்படித் திடீர் மவுசு வந்த தட்டுகளுக்கு ஒரிஜினல், மறுபதிப்பு, திருட்டு அச்சு மூன்றும் சந்தையில் சுற்றும். அட்டையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஆஃப்செட் அச்சில் சிறு வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான பூ வடிவில் அமைந்திருக்கும், சின்ன எழுத்துகள் கூர்மையாக இருக்கும். ஸ்கேன் செய்து எடுத்த அட்டையில் புள்ளிக்கு மேல் புள்ளி ஏறி அலை அலையாகத் தெரியும், எழுத்தின் ஓரம் மங்கியிருக்கும். வாங்கும்போது அட்டையின் கீழ் மூலைக்கு மட்டும் ஒரு க்ளோசப் கேட்டாலே போதும்.

நிலைமை

உலகம் முழுக்க ஓடுவது கோல்டுமைன் என்ற அமெரிக்க ரெக்கார்டு இதழின் தரவரிசை: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், அதற்கும் கீழே ஃபேர், புவர். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த வரிசையில் குட் என்றால் கேட்கவே கஷ்டம். விலையும் அதற்கேற்றபடி இறங்கும். நியர் மின்ட் நூறு ரூபாய் என்றால் வெரி குட் பிளஸ் ஐம்பது, வெரி குட் இருபத்தைந்து, குட் பத்திலிருந்து பதினைந்து. நம் ஊர் விற்பனையாளர்கள் பலருக்கு "சூப்பர் கண்டிஷன்" ஒன்றுதான் தரம். அதைக் கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மாதுங்கா மாமியைக் கேட்டால், "எல்லாம் நன்னா பாடிண்டிருந்ததுப்பா" என்பார். அவர் சொல்வது நிஜம்தான். ஆனால் அது 1984 நிலவரம்.

அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். "அண்ணா, முதல் பக்கம் கடைசிப் பாட்டை ஒரு நிமிஷம் ஓடவிட்டு வீடியோ அனுப்ப முடியுமா? போன்லயே எடுங்க, போதும். என்ன பிளேயர்னும் சொல்லுங்க." இப்படிக் கேட்பதில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது. தட்டு சுற்றும் வேகம் மாறாது. ஆனால் உள்ளே போகப் போக வட்டம் சிறிதாகி, ஊசிக்கு அடியில் ஓடும் தடத்தின் நீளம் குறைகிறது. தேய்மானம் முதலில் கரகரப்பாகக் கேட்பது அங்கேதான், கடைசிப் பாட்டில், முக்கியமாக உச்சஸ்தாயியிலும் "ஸ" ஒலியிலும். வாய்ஸ் நோட் வேண்டாம், வீடியோ என்று கேட்பது, வாய்ஸ் நோட்டில் பல போன்கள் பின்னணி இரைச்சலைத் தாங்களே வடிகட்டிவிடுவதால். பிளேயரைக் கேட்பது ஊசியின் பாரத்துக்காக. எச்எம்வி ஃபியஸ்டா போன்ற சூட்கேஸ் பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்தியிருக்கும் பாகம்) தட்டின் மேல் ஐந்தாறு கிராம் பாரம் வைக்கும். இன்றைய மேக்னட் கார்ட்ரிட்ஜ் ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஃபியஸ்டாவிலேயே காலம் தள்ளிய தட்டு, கீறல் ஒன்றுகூட இல்லாமல் பளபளவென்று இருந்தும் பிசிறடிக்கும். படத்தில் அது தெரியவே தெரியாது. நேரில் பார்த்தால், புதுத் தட்டின் ஆழ்ந்த கறுப்புக்குப் பதில் தடங்கள் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும்.

எவ்வளவு ஓடியது என்பதை நடுத் துளை சொல்லும். தட்டைப் பிளேயரில் வைக்கும்போது அதன் நடுவில் நிற்கும் முளை துளையைத் தவறவிட்டு லேபிளில் வரையும் மெல்லிய கோடுகள் துளையைச் சுற்றி இருக்கும். இரண்டு மூன்று கோடு என்றால் வீட்டில் எப்போதாவது போட்டது. துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோலக் கோடுகள், கூடவே லேபிளில் ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் ரப்பர் ஸ்டாம்ப் என்றால் அது மைக் செட் தட்டு. கல்யாணம், கோயில் திருவிழா, தேர்தல் என்று ஓடி ஓடித் தேய்ந்தது. அபூர்வமான படமாக இருந்தாலொழிய கேட்பதற்காக வாங்காதீர்கள்.

கீறலை நகத்தின் நுனியால் லேசாகத் தடவினால் புரியும். நகம் தட்டவில்லை என்றால் பெரும்பாலும் சத்தமும் வராது. தட்டினால் சத்தம் உண்டு. தடங்களுக்குக் குறுக்கே போன கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டிக்" என்னும், எல்பியில் 1.8 வினாடிக்கு ஒன்று, 45 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 45 சுற்று) ஈபியில் 1.33 வினாடிக்கு ஒன்று. வீடியோவில் இந்த இடைவெளியில் டிக் விழுந்துகொண்டே இருந்தால் அது கீறல், கழுவிப் போகாது. ஒழுங்கில்லாமல் அங்கொன்று இங்கொன்றாக வெடித்தால் தூசி, பூஞ்சை, கழுவினால் குறையும். தடத்தோடு தடமாகப் போகும் கீறல் பார்வைக்கு அற்பமாக இருக்கும், ஆனால் அதுதான் ஊசியைத் தள்ளிவிட்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கும்.

மழை

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் தட்டைவிட அட்டைக்குத்தான் ஆபத்து. பூஞ்சை காகிதத்தில் பிடித்து, உள்ளுறை வழியாகத் தட்டுக்கு வரும். வெண்மையாகக் கொடி ஓடியதுபோல் இருக்கும். கீழ் ஓரத்தில் நேர்கோடாகப் பழுப்புக் கறை தெரிந்தால் அது வெள்ளம் நின்ற மட்டம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மழையில் தரைத்தள வீடுகளில் இருந்தவை இன்றும் சந்தைக்கு வருகின்றன. நனைந்த அட்டை காய்ந்தபின் உள்ளுறை தட்டோடு ஒட்டியிருக்கும். இழுத்துப் பிய்க்காமல் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிட்டு உரிக்க வேண்டும்.

வினைல் கழுவ ஒரு லிட்டர் கலவைக்கு 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கிறது, தடத்துக்குள் படியும். குழாய்த் தண்ணீரும் உப்பைப் படியவைக்கும். பூஞ்சைத் தட்டை முதலில் பால்கனியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு லேபிளை நனைக்காமல் கலவையைப் பரப்பி, இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, வெல்வெட் துணியால் தடம் போகும் திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே அல்ல. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசி, செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். பழைய காகித உறையில் திரும்பப் போட்டால் கழுவியது வீண். புது உள்ளுறை வேண்டும். கெட்டியான பிவிசி உறையையும் தவிர்க்கவும், வருஷக்கணக்கில் இருந்தால் வினைலில் பனி படர்ந்ததுபோல் ஒரு மங்கல் வரும், அது போகாது.

78 ஆர்பிஎம் தட்டுக்கு இந்தக் கலவை விஷம். அது ஷெல்லாக், அதாவது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு, ஈரத் துணி, உடனே துடைத்து உலர்த்தல், அவ்வளவுதான். தட்டில் எண்ணெய் தடவிப் பளபளக்கவைத்து விற்கிறவர்களும் உண்டு. படத்தில் வைரமாக மின்னும் 1950களின் தட்டைக் கண்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

விலை, விவரம், பணம்

டிஸ்காக்ஸில் ஒரு தட்டின் பக்கத்தில் இதுவரை விற்ற குறைந்த விலை, நடுத்தர விலை, அதிக விலை மூன்றும் இருக்கும். ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். இப்போது கேட்கப்படும் விலை எதற்கும் ஆதாரமாகாது. விற்காததால்தான் அது இன்னும் அங்கே கிடக்கிறது. யூரோ விலையை அப்படியே ரூபாயாக்கிச் சொல்லும் பழக்கமும் தவறு. அங்கே கொடுத்தவர் நியர் மின்ட்டுக்குக் கொடுத்திருப்பார். நம் கையில் இருப்பது பெரும்பாலும் வெரி குட்.

விற்கும்போது தரத்தை ஒரு படி குறைத்தே எழுதுங்கள். சண்டை பாதி குறையும். ஒரு விவரக் குறிப்பு இப்படி இருக்கலாம்: "எல்பி, ஸ்டீரியோ. தட்டு வெரி குட், அட்டை குட் பிளஸ். பக்கம் 1, இரண்டாம் பாட்டின் தொடக்கத்தில் நகம் தட்டும் கீறல், எட்டு டிக், தாவவில்லை. பக்கம் 2 லேசான இரைச்சல், பாட்டுகளுக்கு நடுவில் மட்டும். அட்டை கீழ் விளிம்பு நாலு அங்குலம் பிரிந்திருக்கிறது, பின்பக்கம் பேனாவில் பெயர். கழுவி, முழுக்க ஓட்டிப் பார்த்தது." இதைப் படித்துவிட்டு வாங்குகிறவர் திருப்பி அனுப்பமாட்டார். "கண்டிஷன் படத்தில் பார்க்கவும்" என்று எழுதினால் இன்பாக்ஸ் முழுக்கக் கேள்வி.

யுபிஐயில் பணம் வாங்க பின் எண் தேவையில்லை. "நான் அனுப்பிய க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க சார், பணம் வந்துடும்" என்று எவராவது சொன்னால் அந்தப் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஓஎல்எக்ஸில் ரெக்கார்டு போட்ட பத்தாவது நிமிஷம் விலையே பேசாமல் வாங்கச் சம்மதிக்கிறவர் பெரும்பாலும் இந்த ரகம்.

பேக்கிங்

தட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பவே கூடாது. பார்சல் விழும்போது தட்டு உள்ளிருந்து கத்திபோல அட்டையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வரும். உள்ளுறையோடு தட்டை வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பாலிதீன் உறையில் போடுங்கள். இருபுறமும் நெளி அட்டை இரண்டிரண்டு, ஒன்றின் வரி நெடுக்காக, மற்றதன் வரி குறுக்காக. இப்படி வைத்தால் எந்தப் பக்கமும் மடங்காது. எல்பி அட்டை பன்னிரண்டேகால் அங்குலம் என்றால் நெளி அட்டை பதின்மூன்றரைக்குக் குறையக் கூடாது, மூலை அடியை அந்த இடைவெளிதான் வாங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளியே இன்னொரு பிளாஸ்டிக் சுற்று. மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து பஸ் பார்சலில் வாங்க வேண்டாம். வெயிலில் வெந்த டிக்கியில் ஒரு பகல் இருந்தாலே தட்டு வளைந்துவிடும்.

78 தட்டு கீழே விழுந்தால் உடையும். ஒவ்வொன்றும் தனி உறையில், நடுநடுவே நெளி அட்டை, ஒரு கட்டுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். கட்டை ஒரு பெட்டியில் ஆடாமல் இறுக்கி, அந்தப் பெட்டியைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் பஞ்சோ பபிள் ராப்போ வைத்து இன்னொரு பெட்டியில். வாங்குகிறவர் பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்து வெட்டில்லாமல் வீடியோ எடுக்கட்டும் என்று முன்பே பேசிக்கொண்டால், உடைந்தால் யார் பொறுப்பு என்ற வழக்கு வராது.

டிஸ்காக்ஸில் வெளிநாட்டுக்கு விற்றால் பேபால் வழியாகப் பணம் வரும். உள்நாட்டுப் பரிமாற்றத்தை அது 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று எழுதச் சொல்லும் வாங்குபவருக்கு மறுத்துவிடுங்கள். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய். ஆரம்பகால 78 தட்டுகளில் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவில் ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. 1908-ல் அங்கே ஆலை வரும்வரை தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்தன. இவை நூறு வயது தாண்டியவை. 1972-ன் தொன்மைப் பொருள்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. எனவே அந்த வயதுத் தட்டுக்கு வெளிநாட்டு ஆர்டரை ஏற்குமுன்பே தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்டு, தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்று கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.